நேர்காணல் முதல் இணையவழிக் கலந்தாய்வு வரை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பெற்றோரும் கல்லூரிச் சேர்க்கை விதிகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கைக்கான விதிகள் கடந்த எழுபது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. தேர்வாளரின் விருப்பத்துக்கு இருந்த இடம் குறைந்து, மதிப்பெண்ணும் தரவரிசையும் அவ்விடத்தைப் பெற்றன. இம்மாற்றம் முதல் தலைமுறை மாணவருக்குப் பெருநன்மை செய்தது. ஆயினும், சேர்க்கை முறை நேர்மை பெறப்பெற, அதனைப் புரிந்துகொண்டு செயற்படும் பொறுப்பு குடும்பத்தின்மீது கூடிக்கொண்டே வந்தது. இவ்வளர்ச்சியைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: கல்லூரிச் சேர்க்கை, ஒற்றைச் சாளர முறை, முதல் பட்டதாரி, பெற்றோர், பெரம்பலூர், அரியலூர்

முன்னுரை

2022ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.95 விழுக்காடு தேர்ச்சியுடன் பெரம்பலூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2023இல் பத்தாம் வகுப்பிலும் அம்மாவட்டமே முதலிடம் பெற்றது. 2024இல் பத்தாம் வகுப்பிலும் 2025இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூர் மாவட்டம் முதலிடத்தில் நின்றது. 2025இல் அதன் தேர்ச்சி 98.82 விழுக்காடு.

இவ்வெண்களுக்கு அருகில் மற்றொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில எழுத்தறிவு விகிதம் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது, பெரம்பலூரில் அது 74 விழுக்காட்டளவிலும் அரியலூரில் 71 விழுக்காட்டளவிலும் இருந்தது. அன்றைய வயதுவந்தோரே இன்றைய மாணவரின் பெற்றோர். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகிய பயிர்களையும், அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் சார்ந்து வாழும் குடும்பங்கள் இம்மாவட்டங்களில் மிகுதி. பள்ளித் தேர்ச்சியில் பிள்ளைகள் மாநிலத்தையே முந்தியுள்ளனர். அத்தேர்ச்சியைக் கல்லூரி இடமாக மாற்றும் விதிகள் பெற்றோருக்கு எந்த அளவு விளங்குகின்றன என்னும் வினாவுக்கு வரலாற்று அடிப்படையில் விடை காண வேண்டியுள்ளது.

திருச்சிராப்பள்ளியை நோக்கிய பயணம்

இன்றைய இரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் இறுதியாகத் தனி மாவட்டமானது. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் வட்டங்களின் மாணவர்க்குக் கல்லூரி என்றால் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளியே. தூய வளனார் கல்லூரி, தேசியக் கல்லூரி, 1951இல் தொடங்கப்பெற்ற ஜமால் முகமது கல்லூரி, சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி ஆகியவை அங்கு இருந்தன. அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு இருப்புப்பாதையில் அமைந்திருந்தது. பெரம்பலூருக்கு இருப்புப்பாதை இல்லை. எனவே உயர்கல்வி என்பது பேருந்துக் கட்டணம், விடுதிச் செலவு, வீட்டைப் பிரிதல் ஆகியவற்றையும் உள்ளடக்கிய முடிவாக இருந்தது. 1965இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் இந்நிலை ஓரளவு மாறியது.

1978 வரை பள்ளியிறுதி வகுப்புக்குப் பின் புகுமுக வகுப்பு கல்லூரியிலேயே நடத்தப்பட்டது. விண்ணப்பம் ஒரு தாள்; அதனை நிரப்பியவர் பெரும்பாலும் தலைமையாசிரியரோ ஊரில் படித்த ஒருவரோதாம். பெற்றோரின் பங்கு கையொப்பமோ கைந்நாட்டோ இட்டுப் பணம் திரட்டித் தருவதாக இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளியோடு இணைந்தபோது, மாணவர் வீட்டைப் பிரியும் வயது உயர்ந்தது. கல்லூரி பற்றிய முடிவு எடுக்கப்படும் இடமாகவும் பள்ளி ஆயிற்று. ஆனால் அம்முடிவை விளக்கிச் சொல்லும் பணி எவருடைய அலுவற்கடமையாகவும் வகுக்கப்படவில்லை.

நேர்காணலும் நீதிமன்றமும்

தொழிற்கல்விச் சேர்க்கையின் வரலாறு பெரிதும் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே நகர்ந்தது. 1951ஆம் ஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாதெனத் தீர்ப்பளிக்கப்பட்டதும், அதன் விளைவாக அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் பலரும் அறிந்தவை. இம்மாவட்டங்களைப் பொறுத்தவரை அதன் பின்வந்த இரு தீர்ப்புகளும் கருதத்தக்கவை.

சென்னை மாநில மருத்துவக் கல்லூரி இடங்கள் மாவட்டவாரியாகப் பகிரப்பட்டதை, 1968ஆம் ஆண்டு இராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1970ஆம் ஆண்டு பெரியகருப்பன் வழக்கில் கல்லூரித் தொகுதிவாரியான தேர்வுமுறை நீக்கப்பட்டது. நேர்காணல் மதிப்பெண் வழங்கப்பட்ட முறையின் குறைகளும் சுட்டப்பட்டன. இவற்றால் தேர்வு மாநிலம் தழுவிய ஒரே தகுதிப் பட்டியலை நோக்கி நகர்ந்தது. மாவட்டம் என்னும் அடையாளம் சேர்க்கையில் தன் மதிப்பை இழந்தது.

இதன் விளைவு இன்றும் பெற்றோரிடையே ஒரு தவறான புரிதலாகத் தொடர்கிறது. 2022 சனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியில் அரியலூர் மாணவருக்கெனத் தனி இடம் எதுவும் இல்லை. அதன் இடங்கள் மாநிலத் தரவரிசைப்படியும் அகில இந்திய ஒதுக்கீட்டின்படியும் நிரப்பப்படுகின்றன. ஊரில் கல்லூரி வந்தால் ஊர்ப்பிள்ளைக்கு இடம் எளிது என்னும் எண்ணம் இயல்பானதே. ஆனால் அது 1968க்கு முந்தைய ஏற்பாட்டுக்கே பொருந்தும்.

1984இல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. நேர்காணலில் அறிமுகமும் பேச்சுத்திறனும் பெற்ற இடத்தை ஒரே வினாத்தாள் பெற்றது. எனினும் பயிற்சி மையங்கள் பெருநகரங்களிலேயே பெருகின. 2007ஆம் ஆண்டின் சட்டம் அத்தேர்வை நீக்கிப் பள்ளி மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. அச்சட்டத்துக்கு ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை துணைநின்றது.

ஒற்றைச் சாளரமும் கிண்டிப் பயணமும்

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1980களில் பெருகியபின், ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே விண்ணப்பிக்கும் நிலை ஏற்பட்டது. 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் தீர்ப்பை அடுத்துச் சேர்க்கை முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை நடத்தியது. தகப்பனும் பிள்ளையும் இரவுப் பேருந்திலோ இரயிலிலோ சென்னை கிண்டிக்குச் சென்று, காலியிடங்களைத் திரையில் பார்த்து, சில நிமிடங்களில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தேர்ந்தனர். எவரையும் அறியாத குடும்பமும் தரவரிசை எண் ஒன்றைக்கொண்டு அரசுக் கல்லூரி இடத்தைப் பெற முடிந்தது இம்முறையின் பெருஞ்சாதனை எனலாம்.

அதேவேளை, கணக்கு நுட்பமானது. பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 90 பெற்ற இருவரில், கணிதத்தில் 98 பெற்றவரின் கட்-ஆஃப் 188. 80 பெற்றவரின் கட்-ஆஃப் 170. இரண்டாமவர் மொழிப்பாடங்களில் 18 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றிருந்தால் இருவரின் மொத்த மதிப்பெண்ணும் ஒன்றே. மொத்தத்தை மட்டும் அறிந்த பெற்றோருக்கு இவ்வேறுபாடு அநீதியாகத் தோன்றக்கூடும். பொதுத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை என்னும் இரு எண்களின் பொருளும் அவ்வாறே விளக்கம் வேண்டுபவை.

2010இல் அறிவிக்கப்பட்ட முதல் பட்டதாரிக் கல்விக்கட்டணச் சலுகை இக்குடும்பங்களையே கருத்திற்கொண்டது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கே அது கிடைக்கும். மூத்த பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில் பட்டம் பெற்றுவிட்டால், பின்னர்ப் பொறியியல் சேரும் இளைய பிள்ளைக்கு அச்சலுகை இல்லை. மூத்தவரின் சேர்க்கையின்போதே இதனை அறிந்திருந்தால்தான் குடும்பம் தன் செலவைத் திட்டமிட இயலும்.

2017: விதி மாறிய ஆண்டு

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா, 2017ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். அவர் தந்தை சுமைதூக்கும் தொழிலாளி. பள்ளி மதிப்பெண் அடிப்படையில் அம்மாணவியின் மருத்துவக் கட்-ஆஃப் 196.75. முந்தைய ஆண்டின் விதிப்படி மருத்துவ இடத்துக்கு உறுதியளிக்கத்தக்க மதிப்பெண் அது. அவ்வாண்டு நீட் தேர்வு தமிழ்நாட்டிலும் கட்டாயமானது. ஓராண்டு விலக்குக்கான மாநில அரசின் முயற்சி நிறைவேறவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் அனிதாவும் தம்மை இணைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1 அன்று அவர் உயிர்நீத்தார்.

இந்நிகழ்வு நீட் தேர்வின் தகுதி குறித்த விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டுள்ளது. சேர்க்கை வரலாற்றின் நோக்கில் மற்றொரு கூறும் இதில் உண்டு. அக்குடும்பத்துக்கு விதி தெரியாமல் இல்லை. நடைமுறையிலிருந்த விதியை நன்கறிந்து, அதற்கேற்பப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பம் அது. கற்றுக்கொண்ட விதி படிப்பின் முடிவில் மாறியது. வசதி படைத்த குடும்பம் ஓராண்டுப் பயிற்சிக்குப் பணம் செலுத்தி மாற்றத்தை ஈடுசெய்யலாம். முதல் தலைமுறைக் குடும்பத்துக்கு அந்த ஓராண்டே கைக்கெட்டாதது. பெற்றோரின் புரிதல் பயன்தர வேண்டுமாயின், விதி சில ஆண்டுகளேனும் நிலைத்திருத்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இணையவழிக் கலந்தாய்வும் சான்றிதழ்களும்

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. 2019இல் அப்பொறுப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம் சென்றது. 2020 முதல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையவழி விண்ணப்பம் நடைமுறைக்கு வந்தது. கிண்டிப் பயணத்தின் செலவும் அலைச்சலும் நீங்கின. அம்மண்டபத்தில் ஐயம் கேட்க எதிரே அமர்ந்திருந்த அலுவலரும் உடன் நீங்கினார். விருப்பப் பட்டியலைப் பதிவிடல், தற்காலிக ஒதுக்கீட்டை ஏற்றுச் சேர்தல், ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்லுதல் முதலிய முடிவுகள் குறித்த நாள்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். மாவட்டங்களில் சேவை மையங்கள் இருப்பினும், பல குடும்பங்கள் கணினி மையங்களையே நாடுகின்றன. கடவுச்சொல்லும் பதிவுசெய்த கைப்பேசி எண்ணும் குடும்பத்திடம் இல்லாதபோது, முடிவும் குடும்பத்தின் கையில் இருப்பதில்லை.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியன இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறையிடம் பெறப்படுபவை. பெயரிலோ தலைப்பெழுத்திலோ ஆவணங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடும் காலத்தாழ்வை உண்டாக்கும். தேர்வு முடிவுக்குப்பின் தொடங்கும் பணியாக இதனைக் கருதும் வழக்கமே இடருக்கு முதற்காரணம்.

அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் சட்டமாயிற்று. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் இதன் பொதுத் தகுதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, பின் அரசுப் பள்ளிக்கு வந்தோரும் இதில் அடங்குவர். நல்லெண்ணத்தோடு பிள்ளையை இடையில் ஈராண்டு கட்டணப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், ஏழாண்டுக்குப் பிந்தைய கல்லூரி உரிமையை அறியாமலே கைவிடுகின்றனர். கல்லூரி விண்ணப்பத்தின் முதல் பக்கம் ஆறாம் வகுப்பிலேயே எழுதப்படுகிறது எனில் அது மிகையன்று.

வழிகாட்டலின் இன்றைய நிலை

2022இல் ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’, ‘புதுமைப் பெண்’ ஆகியனவும் 2024இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் தொடங்கப்பெற்றன. கல்லூரியில் சேராதோரைத் தேடிச் சேர்க்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் நடைபெறுகின்றன. விளக்கும் பணி அலுவற்கடமையாக ஏற்கப்பட்டது இத்திட்டங்களின் வழியேதான். எனினும் இவை பெரும்பாலும் மாணவரை நோக்கியவை. காலத்தால் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டியவை. முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் காட்டுவதுபோல, சேர்க்கையைத் தீர்மானிக்கும் பல முடிவுகள் அதற்கு முன்பே பெற்றோரால் எடுக்கப்பட்டுவிடுகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையர். அக்குழுக்களின் கூட்டங்களில் ஆறாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு இவ்விதிகளைத் தமிழில், எடுத்துக்காட்டுக் கணக்குகளுடன் விளக்குதல் கூடுதல் செலவின்றி இயலும். உள்ளூர் அரசுக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் அப்பணிக்கு ஏற்றவர்கள்.

முடிவுரை

நேர்காணலிலிருந்து இணையவழிக் கலந்தாய்வு வரையிலான மாற்றங்கள் பெரம்பலூர், அரியலூர் மாணவர்க்கு வாயிலைத் திறந்தன. மாவட்ட ஒதுக்கீடு நீங்கியதும், தேர்வாளரின் விருப்பம் குறைந்ததும், ஒற்றைச் சாளரம் வந்ததும் ஒருபுறம். விதியை அறிதல், ஆவணம் திரட்டல், குறித்த நாளுக்குள் முடிவெடுத்தல் ஆகிய சுமைகள் குடும்பத்திடம் சேர்ந்தது மறுபுறம். முன்பு தலைமையாசிரியர் ஒருவர் தாமாக முன்வந்து செய்த உதவியை இன்று நிறுவனங்கள் உரிமையாக வழங்க வேண்டியுள்ளது. பள்ளித் தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடம் எய்திய இவ்விரு மாவட்டங்களிலும், கைந்நாட்டிடும் பெற்றோர் தாம் எதற்கு இசைகிறோம் என்பதை அறிந்தே இசையும் நிலை வரும்போதுதான் அச்சேர்க்கை முறையின் நேர்மை நிறைவுபெறும்.