காத்திருப்பு அறையிலிருந்து வெளியேறியவர்கள்

மோட்டார் உலகில் மிக அதிகமுறை சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. டிராக்டர் செய்து பணக்காரரான ஒருவர் விலையுயர்ந்த ஃபெராரி கார் ஒன்றை வாங்குகிறார். அதன் கிளட்ச் அடிக்கடி பழுதாகிறது. தொழிற்சாலைக்கு அனுப்பி அனுப்பிச் சலித்துப்போய், ஒருநாள் தன் பட்டறையிலேயே பிரித்துப் பார்க்கிறார். உள்ளே இருப்பது தான் டிராக்டரில் பொருத்தும் அதே வகைக் கிளட்ச். இதைச் சொல்ல மரனெல்லோ செல்கிறார். நீண்ட நேரம் காக்கவைத்த பிறகு முதலாளி என்ஸோ ஃபெராரி வருகிறார். கோளாறு காரில் இல்லை, ஓட்டுபவரிடம்தான் இருக்கிறது, நீங்கள் டிராக்டரே ஓட்டுங்கள் என்கிறார். வந்தவர் வீடு திரும்பித் தானே ஒரு கார் கம்பெனியைத் தொடங்கிவிடுகிறார். அவர் பெயர் ஃபெருச்சியோ லம்போர்கினி.

இந்தக் கதையை நம்பலாமா? நமக்குக் கிடைப்பதெல்லாம் லம்போர்கினி பிற்காலத்தில் சொன்னவைதான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார். வசனங்கள் மாறுகின்றன, ஆண்டு மாறுகிறது. கணக்குத் தெரிந்த வியாபாரி அவர். டிராக்டரில் கிடைக்கும் லாபத்தையும் ஃபெராரியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இதில் பணம் இருக்கிறது என்று முடிவு செய்திருக்கலாம். அப்படி முடிவு செய்தவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் வாய்த்திருக்காது. ஆனால் இந்தக் கதையைக் கேட்ட எவரும், மரனெல்லோவில் அப்படி நடந்திருக்காது என்று சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வீட்டின் இயல்பு அது என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

1898இல் மொதெனாவில் பிறந்த என்ஸோ ஃபெராரி அடிப்படையில் பந்தயக்காரர். சாலையில் ஓடும் கார்களை அவர் விற்றது பந்தயக் கார்களுக்குப் பணம் சேர்க்க. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு கார்களே அங்கிருந்து வெளிவந்தன. வாங்கியவர்களோ பெல்ஜியத்தின் முன்னாள் மன்னர் லெயோபோல்ட், திரைப்பட இயக்குநர் ரொஸெல்லினி போன்றவர்கள். 1962இல் வெளியான தன் நினைவு நூலில் என்ஸோ தன் வாடிக்கையாளர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: தன்னையும் பந்தய வீரனாக நினைத்துக்கொள்ளும் விளையாட்டுக்காரர், இளமைக் கனவைப் பின்தேதியிட்டு வாங்கும் ஐம்பது வயதுக்காரர், ஊருக்குக் காட்டவே வாங்கும் பகட்டுக்காரர். மூன்றாம் வகையைப் பற்றி அவர் எழுதும்போது இகழ்ச்சியை மறைக்கக்கூட முயல்வதில்லை. தன் அரிசியை வாங்க வந்தவரிடம் உமக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லும் கடைக்காரரை நாம் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனாலும் அந்தக் கடையில் கூட்டம் குறையவில்லை. விலக்கி நிறுத்தியதனாலேயே அது கூடியதோ என்றும் தோன்றுகிறது.

இத்தகைய விசுவாசத்தை எப்படிக் கலைப்பது? அறுபதுகளில் இத்தாலியில் சிலர் அதற்கு முயன்றார்கள். அவர்களில் பலர் ஃபெராரிக்கு அந்நியர்கள் அல்லர் என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. ஒரு சாரார் அவரால் மனம் புண்பட்ட வாடிக்கையாளர்கள். மறுசாரார் அவரால் வெளியேற்றப்பட்ட ஊழியர்கள்.

ஊழியர்கள் வெளியேறியது 1961 இறுதியில். அவ்வாண்டு ஃபெராரிக்கு உச்சமும் வீழ்ச்சியும் சேர்ந்து வந்தன. ஃபில் ஹில் உலகச் சாம்பியன் ஆனார். அவரோடு போட்டியிட்ட அதே அணியின் வொல்ஃப்காங் வொன் டிரிப்ஸ், மொன்ஸா பந்தயத்தில் பார்வையாளர் பலரோடு உயிரிழந்தார். என்ஸோவின் மனைவி லௌரா நிறுவன விவகாரங்களில் தலையிடுவது பற்றி மூத்த ஊழியர்களிடையே நெடுநாளாகவே புகைச்சல் இருந்தது. விற்பனைத் தலைவர் ஜிரோலமோ கார்தினி, தலைமைப் பொறியாளர் கார்லோ கிட்டி, கார்களை உருவாக்கிச் சோதித்து வந்த ஜியோட்டோ பிஸாரினி, அணி நிர்வாகி ரொமோலோ தவோனி உள்ளிட்டோர் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என்ஸோ எல்லோரையும் வேலையை விட்டு நீக்கினார். ‘அரண்மனைக் கலகம்’ என்று அது பின்னர் பெயர் பெற்றது. ஒரே வீச்சில், எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களும் யாருக்கு விற்பது என்று தெரிந்தவரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்களை முதலில் அழைத்துக்கொண்டவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்துப் பிரபு ஜியோவன்னி வொல்ப்பி. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயதுதான். தந்தை முசோலினியின் நிதியமைச்சராக இருந்தவர். வெனிஸ் திரைப்பட விழாவைத் தொடங்கியவரும் அவரே. மகன் பந்தய அணி நடத்தினார். ஃபெராரிக்கு மிக நல்ல வாடிக்கையாளர். வெளியேற்றப்பட்டவர்களின் புதிய நிறுவனத்துக்கு அவர் பணம் தந்தார் என்பது தெரிந்ததும் என்ஸோ தண்டனை அளித்தார். 1962இல் வெளிவந்த 250 ஜிடிஓ காரை அவருக்கு விற்க மறுத்துவிட்டார். மொத்தமே 36 கார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை என்ஸோவே தீர்மானித்தார்.

வொல்ப்பியிடம் பழைய 250 ஜிடி ஒன்று இருந்தது. அந்த ஜிடிஓவை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்த பிஸாரினியும் இப்போது அவர் பக்கம். என்ஜினைப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்தி, கூரையை வால்வரை நீட்டி, பின்பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல் ஒரு விநோத வடிவத்தை அவர் உருவாக்கினார். ரொட்டி விற்கும் வண்டி என்று ஆங்கிலேயர்கள் அதைக் கிண்டல் செய்தார்கள். 1962 லெ மான் பந்தயத்தில் அந்த ரொட்டி வண்டி எல்லா ஜிடிஓக்களுக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் மணி நேரத்தில் சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டு முறிந்து நின்றுபோயிற்று. அந்தச் சில மணி நேரங்களை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு வாடிக்கையாளர் தனக்கு மறுக்கப்பட்ட பொருளை, அதைச் செய்த அதே கைகளைக் கொண்டு செய்வித்து, கடைக்காரரின் கண்முன்னே ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் கோபம் ஒரு காரைச் செய்துவிடும், கம்பெனியை நடத்தாது. வொல்ப்பி பணம் போட்ட ஏடிஎஸ் நிறுவனம் போலோன்யாவுக்கு அருகே தொடங்கியது. கார் உருவாகும் முன்பே கூட்டாளிகளோடு பிணங்கி அவர் விலகினார். கிட்டி வடிவமைத்த சாலைக் கார் 1963 ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் என்ஜின் வைத்த அந்தக் கார் காலத்துக்கு முந்தியது. ஆனால் அதே ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் இறங்கினார்கள். உலகச் சாம்பியன் ஃபில் ஹில்லையே ஃபெராரியிடமிருந்து அழைத்து வந்தும் அது முழுத் தோல்வியில் முடிந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சாலைக் கார்களோடு நிறுவனம் மறைந்தது.

ரென்ஸோ ரிவோல்தாவின் வழி வேறு. குளிர்பெட்டி செய்து வந்தவர். முட்டை வடிவ இஸெட்டா என்னும் சிறுகாரை உலகுக்குத் தந்தவர். பிஸாரினியை அவரும் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் என்ஜினை அமெரிக்காவிலிருந்து, செவர்லேயிடமிருந்து வாங்கினார். இத்தாலிய உடல், எந்த மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய அமெரிக்க இதயம். அறிவுக்கு உகந்த ஏற்பாடுதான். கிரிஃபோ என்ற அவருடைய கார் அழகானதும்கூட. எனினும் ஃபெராரி வாங்குபவர் அந்தப் பன்னிரண்டு சிலிண்டர்களின் ஓசையையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லையோ என்னவோ. 1966இல் அவர் மறைந்தார். 1974இல் நிறுவனமும் மூடப்பட்டது.

லம்போர்கினிக்கு வருவோம். 1916இல் ரெனாஸ்ஸோ என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ரோட்ஸ் தீவில் விமானப்படையின் வாகன மெக்கானிக்காக இருந்தார். போர் முடிந்ததும், ராணுவம் விட்டுச்சென்ற உதிரிகளைக் கொண்டு டிராக்டர் செய்யத் தொடங்கி வளர்ந்தார். 1963இல் சான்ட் ஆகதா என்ற ஊரில் தன் கார் தொழிற்சாலையை அமைத்தார். மரனெல்லோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவு. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் வேண்டும் என்று அவரும் பிஸாரினியைத்தான் அழைத்தார். ஃபெராரியின் என்ஜினை விஞ்சும் ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும் கூடுதல் தொகை தருவதாகப் பேச்சு என்பார்கள். பிஸாரினி பந்தயத்துக்கே உரிய என்ஜினைச் செய்து கொடுத்தார். லம்போர்கினியோ அதைச் சாதுவாக்கச் சொன்னார். இருவருக்கும் ஒத்துவரவில்லை. அந்த வேலையை முடித்தவர் ஜான் பாவ்லோ தல்லாரா என்ற இருபத்தேழு வயது இளைஞர். அவரும் முன்பு ஃபெராரியில் பணியாற்றியவரே.

1964இல் வந்த 350 ஜிடியைப் பார்த்தால் லம்போர்கினியின் எண்ணம் விளங்கும். ஃபெராரியின் அன்றைய சாலைக் கார்களின் பின்சக்கரங்கள் லாரியைப் போல ஒரே அச்சில் இணைந்திருந்தன. இவர் நான்கு சக்கரங்களையும் தனித்தனியாகத் தாங்கவைத்தார். ஐந்து கியர், நான்கு கேம் ஷாஃப்ட், அமைதியான ஓட்டம். பந்தயத்தில் இறங்கவே மாட்டேன் என்று அறிவித்தார். மரனெல்லோவில் சலித்துப்போன ஒருவர் கேட்கக்கூடிய எல்லாக் குறைகளுக்கும் அதில் பதில் இருந்தது. விலையும் ஃபெராரியை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதற்காக முதல் கார்களை நஷ்டத்துக்கே விற்றார் என்பர். விற்றது சுமார் 120.

குறை இல்லாத கார் அது. ஃபெராரிக்காரர்கள் மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்களை உண்மையில் அசைத்த கார் முதலாளி கேட்டதே அல்ல. தல்லாராவும் பாவ்லோ ஸ்தன்ஸானியும் நியூசிலாந்தைச் சேர்ந்த சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் வேலை நேரம் முடிந்த பின் கூடிக்கூடி வரைந்தது அது. மூவருமே இருபதுகளில் இருந்தவர்கள். முதலாளி விலக்கிவைத்த பந்தயத்தின்மேல் ஆசை கொண்டவர்கள். பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினை இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காகப் படுக்கவைத்தார்கள். லம்போர்கினி தடுக்கவில்லை, விளம்பரத்துக்கு உதவும் என்று விட்டுவிட்டார். 1965 டூரின் கண்காட்சியில் உடலே இல்லாத வெறும் எலும்புக்கூட்டைத்தான் வைத்தார்கள். அதற்கே முன்பதிவு செய்ய ஆள் வந்தார்கள். பெர்தோனே நிறுவனத்தின் மார்செல்லோ கந்தினி உடல் வரைந்து முடித்து, 1966 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டியபோது அதன் பெயர் மியூரா. ஸ்பெயினில் சண்டைக் காளைகள் வளர்க்கும் குடும்பத்தின் பெயர். அந்த ஆண்டு மொனாக்கோ பந்தய வாரத்தில் சூதாட்ட மாளிகையின் வாசலில் ஒரு மியூராவைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உலகப் பணக்காரர்கள் கூடியிருந்த இடம். கூட்டம் வழியை அடைத்துக்கொண்டது.

மியூரா சுகமான கார் அல்ல. உள்ளே வெப்பம், காதருகே இரைச்சல், அதிவேகத்தில் மூக்கு தரையிலிருந்து எழும். லம்போர்கினி ஃபெராரியிடம் எந்தக் குறைகளைக் கண்டு வெளியேறினாரோ அவற்றில் பலவும் மியூராவில் குடியேறியிருந்தன. அது எழுநூறுக்கும் மேல் விற்றது. இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். மரியாதையான உபசரிப்பும் நல்ல கிளட்சும் தந்தபோது வராதவர்கள், இன்னொரு பிடிவாதமான மிருகத்தைக் காட்டியபோது வந்தார்கள்.

வந்தவர்கள் ஃபெராரியை விட்டுவிட்டா வந்தார்கள்? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஈரான் மன்னர் ஷா நல்ல உதாரணம். அவரிடம் ஃபெராரிகள் இருந்தன. மொதெனாவின் இன்னொரு பழைய வீடான மஸராட்டி, அவர் விரும்பிக் கேட்டதற்காகவே பந்தயக் காரின் என்ஜினைச் சாலைக் காரில் பொருத்தி 5000 ஜிடியை உருவாக்கியது. பிறகு மியூராவின் தனிச்சிறப்பு வடிவம் ஒன்றையும் அவர் செய்வித்துக்கொண்டார். மூன்று வீட்டாரும் அவரைத் தம்முடையவர் என்றே எண்ணியிருப்பார்கள். 1979 புரட்சியில் ஷா நாட்டை விட்டு வெளியேறியபோது மியூரா ஈரானிலேயே தங்கிவிட்டது.

மரனெல்லோவில் என்ன நடந்தது? வெளிப்படையாக ஒன்றும் இல்லை. போட்டியாளர் பெயரை என்ஸோ உச்சரித்ததாகவே தெரியவில்லை. ஆனால் 1964இல் வந்த ஃபெராரி 275இல் பின்சக்கரங்கள் தனித்தனியாயின, கியர் ஐந்தாயிற்று. 1966இல் நான்கு கேம் ஷாஃப்ட் வந்தது. போட்டியால்தான் இவை வந்தன என்று நிரூபிக்க இயலாது. பந்தயக் கார்களில் இவை ஏற்கெனவே இருந்தவைதாம். என்ஜின் விஷயத்தில் மட்டும் அவர் நெடுநாள் அசையவில்லை. எருது வண்டியை இழுக்குமே தவிரத் தள்ளாது என்பது அவர் வழக்கமாகச் சொல்வதாம். பந்தயக் கார்களில் அந்த எருதைக் கிட்டி பின்னால் கட்டவைத்திருந்தார். சாலைக் காரில், பன்னிரண்டு சிலிண்டரைப் பொறுத்தவரை, 1968இன் டேடோனாவிலும் அது முன்னால்தான் இருந்தது. 1969இல் ஃபியட் நிறுவனம் ஃபெராரியில் பாதிப் பங்கை வாங்கியது. 1971 டூரின் கண்காட்சியில், என்ஜினை இருக்கைக்குப் பின்னே வைத்த பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரி மேடையேறியது. வாடிக்கையாளர் கைக்கு வர 1973 ஆயிற்று. மியூரா வந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

அதே 1973இல் மியூராவின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. எண்ணெய் நெருக்கடி தொடங்கியது. அதற்குள் லம்போர்கினியின் கையைவிட்டுக் கம்பெனி நழுவத் தொடங்கியிருந்தது. பொலிவியா நாட்டுக்குப் போகவேண்டிய பெரிய டிராக்டர் ஆர்டர் ஒன்று ரத்தானதில் கடன் ஏறியது. 1972இல் பெரும்பான்மைப் பங்கை ஒரு ஸ்விஸ் தொழிலதிபருக்கு விற்றார். மீதியை 1974இல் விற்றார். அதன்பின் அந்தப் பெயர் திவாலாகி, பல கை மாறி, 1998இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனத்தை அடைந்தது.

அவர் உம்ப்ரியா பகுதியில், திராசிமேனோ ஏரிக்கரையில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். மண்ணைக் கிண்டப் பிறந்தவர் மண்ணுக்கே திரும்பிவிட்டார். அங்கே செய்த சிவப்பு ஒயினுக்கு ‘மியூராவின் இரத்தம்’ என்று பெயரிட்டார். பார்க்க வந்தவர்களிடம் கிளட்ச் கதையைச் சலிக்காமல் சொன்னார். 1988 ஆகஸ்டில் என்ஸோ மறைந்த பிறகும், 1993இல் தான் மறையும்வரையில்.