எவரும் எண்ணாத குருவிகள்

எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. வழக்கத்துக்கு மாறானதே செய்தி. நாள்தோறும் நிகழ்வது செய்தியாகாது. பத்திரிகை அலுவலகங்களில் பல தசாப்தங்களைக் கழித்த நானும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே எழுதிவந்தேன். அதற்கு ஒரு விலை உண்டு என்பதை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நோர்போக் மாவட்டத்தின் பறவை வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

நோர்போக், வடகடலை நோக்கித் துருத்தி நிற்கும் தட்டையான நிலம். வடக்கே உவர்ச் சேற்று நிலங்களும் மணல் மேடுகளும் உள்ளன. கிழக்கே ‘புரோட்ஸ்’ எனப்படும் ஆழமற்ற ஏரிகளும் அவற்றைச் சூழ்ந்த நாணற்காடுகளும் உள்ளன. இந்த ஏரிகள் இயற்கையாக அமைந்தவையல்ல. இடைக்காலத்து மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகளில் நீர் நிறைந்து உருவானவை.

இந்த மண்ணின் பறவைகளை முதலில் முறையாகக் குறித்துவைத்தவர், நோரிச் நகரில் மருத்துவராக வாழ்ந்த சேர் தோமஸ் பிரவுண் (1605–1682). நாணலுக்குள் மறைந்து வாழ்ந்து, காளையின் முக்காரம் போல ஒலியெழுப்பும் பெருங்குருகு அக்காலத்தில் அங்கு சாதாரணப் பறவை. நாணற்குழலுக்குள் அலகை நுழைத்து ஊதியே அது அந்த ஒலியை எழுப்புகிறது என ஊரார் நம்பினர். பிரவுண் அதனை ஏற்கவில்லை. பெருங்குருகு ஒன்றைத் தமது முற்றத்தில் வளர்த்து அவதானித்தார். கரண்டிவாயன் அந்த மாவட்டத்தில் கூடுகட்டிய இடங்களையும் அவர் எழுதிவைத்தார்.

இரு நூற்றாண்டுகளின் பின் அப்பணியைத் தொடர்ந்த இருவர் பத்திரிகையுடன் தொடர்புடையவர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒருவர் ஹென்றி ஸ்டீவன்சன் (1833–1888). ‘நோர்போக் குரோனிக்கிள்’ என்ற பத்திரிகையைத் தந்தையின் வழியில் நடத்தியவர். அவரது ‘நோர்போக்கின் பறவைகள்’ என்ற நூலின் முதற் பாகம் 1866இல் வெளிவந்தது. மூன்றாம் பாகம் அவர் மறைந்த பின்னர், 1890இல், நண்பர் ஒருவரால் நிறைவு செய்யப்பட்டது.

மற்றவர் ஆர்தர் பற்றர்சன் (1857–1935). கிரேட் யார்மவுத் துறைமுக நகரின் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். பாடசாலைக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் அலுவலராகப் பணியாற்றியவர். ‘ஈஸ்டர்ன் டெய்லி பிரஸ்’ நாளேட்டில் ‘ஜோன் நோலிற்றில்’ என்ற புனைபெயரில் எழுதினார். சொற்பமே அறிந்தவன் என்பது அதன் பொருள். பிரேடன் கழிமுகத்தில் படகுத் துப்பாக்கியுடன் திரிந்த பறவை வேட்டைக்காரர்களின் வாழ்வை அவரளவுக்கு அறிந்து எழுதியவர் வேறெவருமில்லை. இளமையில் துப்பாக்கி ஏந்திய அவர், பிற்காலத்தில் அதைக் கைவிட்டுக் குறிப்பேட்டுடன் மட்டும் அலைந்தார்.

இவர்களின் பதிவுகளில் பெரும்பகுதி இழப்பின் பதிவு. மேல்நோக்கி வளைந்த அலகுடைய கோணமூக்கு உள்ளானை, முட்டைக்காகவும் தூண்டில் இரையில் சுற்றும் இறகுக்காகவும் அழித்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அது நோர்போக்கில் இனப்பெருக்கம் செய்வதை நிறுத்திவிட்டது. பெருங்குருகு அந்நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது.

ஆனால் எது போயிற்று என்பது எழுதப்பட்டிருந்தமையால், அது திரும்பியபோது உலகம் கவனித்தது. 1911இல் ஹிக்லிங் ஏரிப் பகுதியில் எம்மா ரேணர் என்ற பெண்மணி பெருங்குருகுக் குஞ்சொன்றைப் படம்பிடித்தார். அந்தப் பறவை நோர்போக்கில் மீண்டும் இனப்பெருக்கம் செய்கிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. இதே ரேணர் 1924இல் ஸ்கோல்ற் ஹெட் தீவில் பறவைக் காவலராகத் தனித்துத் தங்கியபோது, ‘இங்கிலாந்தின் மிகத் தனிமையான பெண்’ எனப் பத்திரிகைகள் தலைப்பிட்டன. 1926இல் மருத்துவர் சிட்னி லோங், கிளே சதுப்பு நிலத்தை நண்பர்களின் துணையோடு வாங்கிக் காப்பிடமாக்கினார். அவ்வாண்டில் பிறந்த அறக்கட்டளையே பிரித்தானியாவில் மாவட்ட அளவில் எழுந்த முதலாவது வனவுயிர் அறக்கட்டளை.

இரண்டாம் உலகப் போரில் எதிரி தரையிறங்குவதைத் தடுக்கவெனச் சஃபொக் கரையில் நீர் புகவிடப்பட்ட நிலங்கள் பறவைகளுக்கு வாய்ப்பாயின. 1947இல் கோணமூக்கு உள்ளான் அங்கு திரும்பியது. 1977இல் நோர்போக்கின் கிளேயில் குஞ்சு பொரித்தது. பெருங்குருகின் கதை இன்னும் நெருக்கடியானது. 1997இல் பிரித்தானியா முழுவதிலும் குரலெழுப்பிய ஆண் குருகுகள் 11 மட்டுமே. நாணற்படுகைகளைத் திருத்தி நீர்நிலை காத்ததன் பயனாக இன்று அத்தொகை 200ஐத் தாண்டிவிட்டது. கரண்டிவாயனும் 2010இல் ஹோல்கம் கரையில் மீண்டும் குடியேறிக் கூடுகட்டியது.

இவை யாவும் நற்செய்திகள். அரியவற்றைப் பற்றிய செய்திகள். சாதாரணப் பறவைகளின் கதையோ நேர்மாறானது.

சிட்டுக்குருவியைத் தானியத் திருடன் எனக் கருதிய ஆங்கிலக் கிராமங்கள், அதன் தலைக்கு விலை வைத்தன. கொன்ற குருவிகளுக்குக் கொடுத்த காசு தேவாலயக் கணக்கேடுகளில் பதிவாகியுள்ளது. 1917இல், போர்க்காலத் தானியத்தைக் காக்கவென, எலி மற்றும் குருவி ஒழிப்புக் கழகங்களை அரசே ஊக்குவித்தது. அத்தனைக்கும் குருவி அழியவில்லை. காரணம் வயலில் இருந்தது.

கோதுமை, டர்னிப், வாற்கோதுமை, குளோவர் என்ற நான்காண்டுச் சுழற்சி முறை நோர்போக்கின் பெயராலேயே உலகப் புகழ் பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் அங்கு வேரூன்றிய அம்முறையில், அடுத்து விதைக்கும் டர்னிப்புக்காகக் காத்திருந்த அரிதாள் வயல்கள் பனிக்காலத்தில் சிந்திய மணிகளைக் குருவிகளுக்கு வைத்திருந்தன. களைவிதைகள் காட்டுப் புறாவுக்கும், குளோவர் வயலின் பூச்சிகள் கவுதாரிக் குஞ்சுகளுக்கும் உணவாயின. போருக்குப் பின் செயற்கை உரமும் களைகொல்லியும் வந்தன. வேலிப் புதர்கள் பிடுங்கப்பட்டன. இலையுதிர்காலத்திலேயே கோதுமை விதைக்கும் வழக்கம் பரவியது. அரிதாள் நிலம் அருகியது. துப்பாக்கியால் இயலாததை இந்த ஓசையற்ற மாற்றம் சாதித்தது.

சிட்டுக்குருவி 2002இல் பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. ஆட்காட்டி 2009இல் அதைத் தொடர்ந்தது. கோடையில் ஆபிரிக்காவிலிருந்து வரும் காட்டுப் புறாக்களில், 1960களின் பிற்பகுதியில் இருந்த ஒவ்வொரு நூறுக்கும் இன்று ஐந்துகூட எஞ்சவில்லை.

இந்தச் சரிவு நமக்குத் தெரிவதே ஒரு கணக்கெடுப்பினால்தான். விவசாயத்தில் நச்சு இரசாயனங்களின் பாதிப்புக் குறித்து அச்சம் எழுந்தபோது, 1962இல் சாதாரணப் பறவைகளைத் தன்னார்வலர்கள் எண்ணத் தொடங்கினர். அதிலும் ஒரு முரண் உண்டு. சிட்டுக்குருவிக்கு நம்பத்தகுந்த தொடர்க்கணக்கு 1970களிலிருந்தே கிடைக்கிறது. எங்கும் நிறைந்திருந்த பறவையை எண்ணுவது வீண்வேலை என்றே அதுவரை பலர் நினைத்தனர்.

அந்தக் கணக்கெடுப்பை நடத்திய பறவையியல் அறக்கட்டளையின் தலைமையகம் 1991 முதல் நோர்போக்கின் தெற்ஃபோர்ட் நகரில் இருக்கிறது. இன்றும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் இரு காலைகள், தமக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கிலோமீற்றர் சதுர நிலத்தில் நடந்து, கண்ட பறவை அனைத்தையும் எழுதி அங்கு அனுப்புகிறார்கள். சிட்டுக்குருவி நான்கு, வானம்பாடி இரண்டு, ஆட்காட்டி இல்லை. எந்த ஆசிரியரும் அச்சேற்றாத வரிகள் இவை. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் ஒதுக்கித்தான் தள்ளியிருப்பேன். அந்த ‘இல்லை’ என்ற ஒரு சொல்லே அன்றைய தலைப்புச் செய்தி என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது.