வரைதற் கல்வியும் உடைமையும்: கணனிவழி வடிவமைப்புக் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

கணனிவழி வடிவமைப்பைக் கற்பது எவ்வாறு என்ற வினா, எந்த மென்பொருளை எத்தனை மாதங்களிற் பயிலலாம் என்ற அளவிலேயே இன்று பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. வினா இவ்வாறு குறுகியமையே வரலாற்றின் விளைவாகும். ஒரு பொருளைக் கையால் ஆக்குமுன் மனத்தில் ஆக்கிக்கொள்ளும் செயலே வரைதல். அச்செயலை யார் கற்கலாம், யாருடைய நலனுக்காகக் கற்கலாம் என்பவற்றை அவ்வக்காலத்து உற்பத்தி உறவுகளே பெரிதும் நிர்ணயித்து வந்துள்ளன.

பிரான்சிலே சிறு வணிகரொருவரின் மகனாகப் பிறந்த கஸ்பார் மொன்ஜ் (1746 - 1818), 1760களில் மெசியேர் இராணுவப் பொறியியற் கல்லூரியிற் படவரைஞராகச் சேர்ந்தார். உயர்குடிப் பிறப்பின்மையால் அதிகாரிகளைப் பயிற்றும் பிரிவில் அவருக்கு இடமிருக்கவில்லை. கோட்டை அரண்களை வகுப்பதற்கு அதுவரை வேண்டியிருந்த நீண்ட கணக்கீடுகளுக்குப் பதிலாக, முப்பரிமாணப் பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் எறியங்களாக வரைந்து விடைகாணும் முறையை அவர் உருவாக்கினார். அம்முறை இராணுவ இரகசியமாகப் பேணப்பட்டது. புரட்சியின் பின்னர், 1795இல், ஆசிரியரைப் பயிற்றுவதற்கென நிறுவப்பட்ட எக்கோல் நோர்மலிலேயே அவர் அதனை வெளிப்படையாகக் கற்பித்தார். அவ்விரிவுரைகள் 1799இல் நூலுருப் பெற்றன. இன்று பாடசாலைகளிற் பயிலப்படும் பொறியியல் வரைதல் இவ்வடிப்படையிலேயே நிற்கின்றது. ஓர் அறிவு பொதுவுடைமையாவதற்கு ஓர் அரசியற் புரட்சி வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கணனியின் வருகையும் இராணுவத் தொடர்பினின்று நீங்கியதன்று. 1963இல் இவான் சதர்லாந்து தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக ஆக்கிய ஸ்கெச்பாட், அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வுகளுக்கென அமைந்த லிங்கன் ஆய்வுகூடத்தின் கணனியிலேயே இயங்கியது. ஒளிப்பேனாவினால் திரையில் வரையப்பட்ட கோடுகள் இணையானவை, சமமானவை என்ற தொடர்புகளையும் அது பேணிக்கொண்டது. பெருநிறுவனங்களே வாங்கத்தக்கதாயிருந்த இத்தொழில்நுட்பத்தை, 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் தனியாள் கணனிக்குக் கொணர்ந்தது. எனினும் உடைமை கற்போனிடம் வந்துசேரவில்லை. 2016இல் அந்நிறுவனம் புதிய நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. கருவியைப் பயன்படுத்துவோன் அதன் வாடகையாளனானான்.

இம்மாற்றத்தின் உட்பொருளை உள்ளிருந்தே விளக்கியவர் மைக் கூலி. பிரித்தானியாவின் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியியலாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்த அவர், 1980இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கட்டடக்கலைஞனா, தேனீயா?’ எனப் பொருள்படத் தலைப்பிட்டார். மூலதனத்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் கையாண்ட ஒப்பீட்டிலிருந்து பெறப்பட்ட தலைப்பு அது. படவரைஞரின் அனுபவ அறிவு யந்திரத்துள் உறிஞ்சப்படுவதையும், அவர் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உறுப்பாக்கப்படுவதையும் கூலி எடுத்துக்காட்டினார். அவர் தொழில்நுட்பத்தை மறுத்தவரல்லர். ஆட்குறைப்பை எதிர்நோக்கிய தொழிலாளர் 1976இல் முன்வைத்த மாற்றுத் திட்டத்தின் முன்னணியில் நின்றவர். வெப்பப் பம்பிகள், சிறுநீரகச் சுத்திகரிப்பு யந்திரங்கள் போன்ற சமூகப் பயனுள்ள பொருள்களை அத்திட்டம் வடிவமைத்துக் காட்டியது. நிருவாகம் அதனை ஏற்கவில்லை. 1981இல் கூலி வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

எனவே, கற்றல் முறை பற்றிய வினா மீண்டும் விரிவாக்கப்படல் வேண்டும். கட்டளைகளை மட்டும் மனனஞ் செய்பவனின் திறன், மென்பொருளின் அடுத்த பதிப்புடன் பழையதாகிவிடும். கையில் அகப்படும் ஒரு பொருளை அளந்து, அதன் எறியங்களைத் தாளில் வரைந்து, பின்னரே திரையில் ஆக்கி, இயலுமாயின் பட்டறையிற் செய்துபார்ப்பவன், எம்மென்பொருளுக்கும் பெயர்த்துச் செல்லத்தக்க அறிவைப் பெறுகின்றான். 2002 முதல் கிடைக்கும் பிரீகாட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் அவனுக்கு வாடகையின்றி உதவுவன. ஆயினும் கருவி இலவசமாதல் மட்டும் போதாது. எதனை ஆக்குவது, யாருக்காக ஆக்குவது எனத் தீர்மானிக்கும் உரிமையும் வரைபவனிடம் சேர்தல் வேண்டும். லூக்காஸ் தொழிலாளர் எழுப்பிய அவ்வினா இன்னும் விடைபெறவில்லை.