மேற்பார்வையாளர் இல்லாத வகுப்பறை



"இவ்வளவு பெரிய இன்டர்நெட்டை யார் சார் கட்டுப்படுத்துறாங்க?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்க அமைப்புகள் உண்டு. ஆனால் எந்தக் கணினி எந்த நொடியில் எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்ல மேலே யாரும் இல்லை. கணினிகள் தங்களுக்குள்ளேயே ஒழுங்கை உண்டாக்கிக்கொள்கின்றன. அது வந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனின் குழு, தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானொலி அலை வழியே மையக் கணினியோடு இணைத்தது. அதன் பெயர் அலோஹாநெட். அனுப்புவதற்கு எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும். "கிடைத்தது" என்ற பதில் வராவிட்டால் ஒவ்வொரு நிலையமும் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். அந்த நேரம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் மீண்டும் மோதுவது குறையும். உங்கள் வீட்டு வைஃபையிலும் இந்த யோசனை உயிரோடு இருக்கிறது.

இன்டர்நெட்டுக்குப் பெரிய சோதனை 1986 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் வெறும் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட்தான் போனது! நெரிசலில் தகவல் பாக்கெட்டுகள் தொலைந்தன. ஒவ்வொரு கணினியும் அவசரப்பட்டு அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் முற்றியது.

வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் காவலர் யாரையும் நிறுத்தவில்லை. கணினிகளின் பழக்கத்தை மாற்றினார்கள். பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று பொருள். உடனே வேகத்தைக் குறை. தடங்கல் இல்லையென்றால் சிறிது சிறிதாகக் கூட்டு. 1988-இல் ஜேக்கப்சன் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பெர்க்லி யூனிக்ஸ் மென்பொருளோடு சேர்ந்து இந்தப் பழக்கம் பரவியது.

இன்றும் அதன் வாரிசு முறைகள்தான் நெரிசலைச் சமாளிக்கின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள்: வேகத்தைக் குறைக்க மறுக்கும் ஒரு நிரல், விட்டுக்கொடுப்பவர்களின் பங்கையும் தின்றுவிடும். அதைத் தடுக்க எல்லா இடத்திலும் ஆள் கிடையாது. பெரும்பாலோர் விட்டுக்கொடுப்பதால்தான் எல்லோருக்கும் வழி கிடைக்கிறது.

உங்களில் நெட்வொர்க் துறையில் இருப்பவர்கள் இன்றைய முறைகளைப் பற்றி எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.