கலர் போட்டதும் முகம் தட்டையாகுதா? டிஜிட்டல் ஓவியர்களின் ‘ரெண்டு ரெண்டர்’ டெக்னிக் இதுதான்!

3டி கதாபாத்திரத்துக்கு தோல், துணி என டெக்ஸ்சர் போர்த்தியதும், கஷ்டப்பட்டு செதுக்கிய மூக்கும் தாடையும் சில நேரம் அமுங்கிப் போகும். அதற்காகத்தான் இரண்டு ரெண்டர்.

கேமராவையும் லைட்டையும் அசைக்காமல், ஒன்றை டெக்ஸ்சரோடும், இன்னொன்றை டெக்ஸ்சர் இல்லாமல் வெள்ளை பொம்மை போலவும் எடுக்கணும். இலவச மென்பொருளான பிளெண்டரே போதும். பிறகு போட்டோஷாப்பிலோ கிரிட்டாவிலோ வெள்ளை ரெண்டரை மேல் லேயராக வைத்து ‘மல்டிப்ளை’ கொடுத்தால், வெள்ளை மறைந்து நிழல் மட்டும் கீழே படியும். ‘ஓவர்லே’ என்றால் கதை வேறு. அங்கே மறைவது நடுத்தர சாம்பல் நிறம்தான்.

ஒபாசிட்டியை 100-லேயே விட்டால் முகம் கரி பூசினது மாதிரி ஆகிடும். ஏன்னா, டெக்ஸ்சர் ரெண்டரில் ஏற்கெனவே நிழல் இருக்கு.

மாடலிங் வேலை தேடுறவங்க, கலக்காத வெள்ளை ரெண்டரையும் போர்ட்ஃபோலியோவில் தனியாக வைப்பது நல்லது. செதுக்கிய கை யாருடையது என்பது அதில்தான் தெரியும்.