துன்பம் (கிறிஸ்தவ வாழ்வில்)

அன்பே உருவான கடவுளின் உலகில் நல்லவர்கள் ஏன் நோயிலும் இழப்பிலும் உழல்கிறார்கள் என்பது கிறிஸ்தவ இறையியலின் தீராத வினாக்களுள் ஒன்று. துன்பம் பாவத்துக்குக் கிடைக்கும் தண்டனை என்ற பழைய எண்ணத்தோடு திருச்சபை நடத்திவரும் போராட்டமே இவ்வினாவின் வரலாற்றில் பெரும்பகுதி. பலமுறை மறுக்கப்பட்டும் அவ்வெண்ணம் மீண்டும் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது.

விவிலியத்தின் யோபு நூல் இப்போராட்டத்துக்குத் தொடக்கம். பிள்ளைகளையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் பறிகொடுத்த யோபுவிடம், பாவம் செய்யாமலா இவ்வளவும் நேர்ந்தது என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். நூலின் முடிவில் கடவுளின் சினம் அந்த நண்பர்கள்மேல் விழுகிறது. யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள் இது யார் செய்த பாவம் என்று கேட்க, அவரும் பெற்றோரும் காரணரல்லர் என்று இயேசு மறுக்கிறார். பின்னர், குற்றமற்ற அவரே சிலுவையில் மாண்டார். அந்தச் சாவையே நம்பிக்கையின் மையமாகக் கொண்ட சமயம், துன்பப்படுகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்க நியாயமே இல்லை. தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை மன்றாடியும் அது நீங்கவில்லை என்று எழுதிய பவுல், தம் பாடுகளைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்தே எண்ணினார்.

இந்த இணைப்பை இரத்தசாட்சிகள் உயிரால் எழுதினார்கள். 203-இல் கார்த்தேஜ் நகரச் சிறையில் மற்றோர் இரத்தசாட்சியான பெர்பெத்துவாவுடன் அடைபட்டிருந்த பெலிசித்தா ஓர் அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவ வலியில் அவர் அலறியபோது, இதற்கே இப்படியென்றால் விலங்குகளின் முன் எறியப்படும்போது என்ன செய்வாய் என்று சிறைப் பணியாளன் ஏளனம் செய்தான். இப்போது படுவது என் வேதனை, அங்கே எனக்காக வேறொருவர் என்னுள் இருந்து பாடுபடுவார் என்பது அவர் சொன்ன மறுமொழியின் கருத்து. கிறிஸ்தவர்கள் துன்பத்தில் கண்ட பொருளை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இறையியலாளர் குறைவு.

துன்பத்துக்குப் பொருள் உண்டு என்பதற்காக அதைத் தீர்க்காமல் விடலாம் என்று ஆதித் திருச்சபை நினைக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் செசாரியாவின் ஆயர் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரும் இல்லம் கட்டினார். தொழுநோயாளிகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஆனால் 1348-இல் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியபோது பழைய எண்ணம் திரும்பியது. கடவுளின் கோபத்தைத் தணிக்கவென்று தம்மையே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற கூட்டங்களைத் திருத்தந்தை ஆறாம் கிளமெந்து 1349-இல் தடைசெய்தார். 1518-இல் ஹைடல்பர்க் நகரில் மார்ட்டின் லூதர், கடவுளை மகிமையில் தேடுவோரை மறுத்து, சிலுவையிலும் பாடுகளிலும் அவரைக் காணவேண்டும் என்று வாதிட்டார்.

தமிழகத்திலும் இவ்வரலாற்றுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை தம் இழப்புகளைச் சொல்லி வருந்தியபோது, படைத்தலைவர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக அவரது வரலாறு கூறுகிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்ற அவர், சிறையும் சித்திரவதையும் தாங்கி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டு வேறொரு கேள்வியை எழுப்பியது: துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? அடிமைகளிடமும் ஏழைகளிடமும் பொறுத்துக்கொள் என்று சொல்லச் சிலுவை பயன்பட்டிருக்கிறது. இது மன்னிக்க முடியாத திரிபு. போர்க்கைதியாயிருந்த ஜெர்மானியர் யூர்கன் மோல்ட்மன், சிலுவையில் கடவுளே துன்புற்றார் என்று 1972-இல் எழுதினார். பெருவைச் சேர்ந்த குஸ்தாவோ குத்தியேரெஸ், குற்றமற்ற ஏழைகளின் குரலை யோபுவிடம் கேட்டார். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், சாபமென்று ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளின் கைகளுக்கு வேலூரில் அறுவை சிகிச்சை செய்தார். வலி உணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களே அவர்களுடைய விரல்களை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டிய அவர், வலியைக் கடவுளின் கொடை என்றே கருதினார்.

துப்பாக்கிச் சூட்டில் உயிர்தப்பிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, மனிதத் துன்பம் பற்றிய திருமடலை வெளியிட்டார். எல்லாத் துன்பமும் தண்டனை என்பதை யோபுவைக் காட்டி மறுக்கும் அம்மடல், காயமுற்றவனுக்குக் கட்டுப்போட்ட நல்ல சமாரியனின் உவமையை விரிவாக விளக்குகிறது. அதே பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாக 1992-இல் அவர் அறிவித்தார். 1993 முதல் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறது.