அரண்மனைக்காரன்

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் வேடமேற்று ஆடுபவர்களிடம் 'பாலடின்' என்று சொன்னால் உடனே ஓர் உருவம் எழும். பளபளக்கும் கவசம், கையில் வாள், நெஞ்சில் ஓர் உறுதிமொழி. தொட்டால் காயம் ஆறும். தமிழில் ஆடும்போது சிலர் 'புனித வீரன்' என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் மூலச்சொல்லில் புனிதமும் இல்லை, வீரமும் இல்லை. அதில் இருப்பது ஒரு குன்று.

ரோம் நகரின் ஏழு குன்றுகளில் ஒன்று பலாத்தியம். அகஸ்டஸ் அங்கே குடியிருந்தான். அவனுக்குப் பின்வந்த பேரரசர்களும் அங்கேயே மாளிகை எழுப்பினார்கள். நாளடைவில் குன்றின் பெயர் மாளிகையின் பெயராயிற்று. நம் ஊர்க் கல்யாண மண்டபப் பலகைகளில் எழுதியிருக்கும் 'பேலஸ்' அந்தக் குன்றிலிருந்து இறங்கி வந்ததுதான். தமிழில் 'கோயில்' இதற்கு எதிர்த்திசையில் நடந்த சொல். கோவின் இல்லமாக இருந்தது இறைவனின் இல்லமாக நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் அரண்மனையும் கோயில்தான்.

பலாத்தியத்தைச் சேர்ந்தவன் பலாத்தினஸ், அதாவது அரண்மனைக்காரன். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் இந்தச் சொல் அரண்மனை அலுவலர்களையும் பேரரசனின் படைப்பிரிவுகள் சிலவற்றையும் குறித்தது. பிராங்க் மன்னன் சார்லமேனின் அவையில் அரண்மனைப் பிரபு என்றொரு பதவி இருந்தது. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. ஆக, நெடுங்காலம் இது ஒரு பதவிப்பெயர். 'நீ யார்?' என்ற கேள்விக்கு 'இன்னார் வீட்டு ஆள்' என்று சொல்லும் பதில்.

பதவிப்பெயருக்கு ரத்தம் ஏறியது ஒரு தோல்வியில். 778 ஆகஸ்ட் 15 அன்று, ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சார்லமேனின் பின்படையைப் பிரெனே மலைக் கணவாயில் பாஸ்குகள் மறித்து அழித்தார்கள். சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட், இறந்தவர்களில் ஒருவனாக ரோலாண்டைக் குறிப்பிடுகிறார். அவனைப் பற்றி அங்கே இருப்பது பெயரும் பதவியும் மட்டும். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்துப் பிறந்த 'ரோலாண்டின் பாடல்' என்ற பிரெஞ்சுக் காவியத்தில் பாஸ்குகள் மறைந்து அரபுப் படை வந்துவிட்டது. ரோலாண்ட் பன்னிரண்டு மாவீரர்களின் தலைவனாகிவிட்டான். காவியம் அந்தப் பன்னிருவரை 'நிகரானவர்கள்' என்று அழைக்கிறது. 'பலதினோ' என்ற இத்தாலியச் சொல் அவர்கள்மேல் நிலைத்தது பிறகு. 1516-ல் வெளிவந்த அரியோஸ்தோவின் 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ' அவர்களை ஐரோப்பா முழுவதும் கொண்டுபோனது. சிசிலித் தீவின் பொம்மலாட்டக்காரர்கள் இன்றும் தகரக் கவசம் பூட்டிய அந்த வீரர்களைக் கம்பியில் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலடினை ஆட நினைப்பவர்கள் அந்தப் பிரெஞ்சுக் காவியத்தின் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். எதிரி சூழ்ந்துவிட்டான். கொம்பை ஊதினால் சார்லமேன் திரும்பி வருவான். நண்பன் ஒலிவியே ஊதச் சொல்கிறான். ரோலாண்ட் மறுக்கிறான். ஒலிவியே மறுபடியும் கேட்கிறான், மறுபடியும் மறுப்பு. உதவி கேட்டால் தன் பெயருக்கும் குலத்துக்கும் இழுக்கு என்று நினைக்கிறான் ரோலாண்ட். கடைசியில் பின்படை ஏறக்குறைய முழுவதும் அழிந்த பிறகு, நெற்றிப்பொட்டு வெடிக்கும் அளவுக்கு ஊதுகிறான். அவனுடைய மானத்துக்கு விலை கொடுத்தவர்கள் கூட இருந்த இருபதாயிரம் பேர். மேசையில் கெட்டுப்போகும் பாலடின்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகிறார்கள். அவர்கள் உறுதியாக நிற்கிறார்கள், அடுத்தவர்கள் சாகிறார்கள்.

மேசைக்கு இந்தச் சொல் வந்த வழியில் நடுவில் ஒரு நாவல் இருக்கிறது. போல் ஆண்டர்சனின் 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' 1953-ல் தொடராகவும் 1961-ல் நூலாகவும் வந்தது. இரண்டாம் உலகப்போரில் சண்டையிடும் ஹோல்கர் என்ற டேனிஷ் பொறியாளன் வேறோர் உலகில் கண்விழிக்கிறான். சார்லமேன் கதைகளில் வரும் டேனிய வீரன் ஓஜியே தான்தான் என்பது அவனுக்கே கடைசிவரை தெரியாது. பெயரும் பட்டமும் இல்லாமலே அவன் நடக்கிற நடை அவனைக் காட்டிக்கொடுக்கிறது. பாலடினுக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் படித்ததில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் பாலடின் நுழைந்தான். கவர்ச்சி என்ற பண்பு 17-க்குக் குறையக்கூடாது என்பது நிபந்தனை. மூன்று பகடை உருட்டி 17 அல்லது 18 விழ 216-ல் 4 வாய்ப்புதான். நெறிக்கு மாறாக ஒன்று செய்தால் பட்டம் அந்தக் கணமே போகும், திரும்ப வராது. 1978-ன் விதிநூலிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. மந்திரப் பொருள் பத்துக்குமேல் வைத்துக்கொள்ளக்கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும். இந்த விதிகள் எனக்குப் பிடித்தவை. எல்லாம் பாலடினின் சொந்தப் பையிலிருந்து எடுப்பவை. சிக்கல் இன்னொரு விதியில் இருந்தது: நல்லவர் அல்லாதவரோடு நெடுநாள் சேர்ந்திருக்கக்கூடாது. அது பாலடினைக் கூட்டாளிகளின் காவல்காரனாக்கிற்று. திருடன் வேடம் எடுத்தவர் பூட்டைத் தொட்டாலே சண்டை. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் நல்லவன், கெட்டவன் என்ற கட்டாயம் விலகி, எடுத்துக்கொண்ட உறுதிமொழியே அடிப்படையாயிற்று. சரியான திருத்தம்.

உறுதிமொழிக்குப் பழந்தமிழில் 'வஞ்சினம்' என்ற சொல் இருக்கிறது. புறநானூற்றில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். தவறினால் வரும் தண்டனை முழுவதும் சொன்னவன் தலையில்.

நான் டிஎம்-ஆக, அதாவது ஆட்டத்தின் நடுவராகவும் கதைசொல்லியாகவும், இருந்து நடத்திய ஓர் ஆட்டத்தில் இப்படியொரு வஞ்சினத்தைக் கண்ணால் பார்த்தேன். சண்டை முடிந்து காப்ளின் என்ற குறும்பூதம் ஒன்று கைதியாக மிஞ்சியது. திருடனை ஆடிய தம்பி, "அக்கா, இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? முடிச்சிடலாம்" என்றான். பாலடினை ஆடியவர் அவனுக்கு அறம் போதிக்கவில்லை. கேரக்டர் ஷீட்டில் தன் தண்ணீர்க் குடுவையை அடித்துவிட்டு, "என் தண்ணிய அதுக்குக் குடுத்துட்டேன். ராத்திரி முழுக்க நான் முழிச்சிருக்கேன், நீங்க தூங்குங்க. ஓடிப்போனா என் தலைமேல" என்றார். நள்ளிரவில் இருபது முகப் பகடையை உருட்டச் சொன்னேன். 3 விழுந்தது, காப்ளின் ஓடிவிட்டது. மறுநாள் அது கூட்டி வந்த படை குகை வாயிலில் நின்றபோது, யாரும் கேட்காமலே தன் பொம்மையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தார். திருடனின் பொம்மை அதன் பக்கத்தில் வந்து நின்றது. தம்பி ஒன்றும் பேசவில்லை.

பாலடினை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பகடை உருளுமுன் உங்கள் வஞ்சினத்தை மூன்று வரியில் எழுதி டிஎம் கையில் கொடுங்கள். மூன்றும் 'நான்' என்று தொடங்கட்டும்.